கோணல் தட்டி

...அதோ வந்துவிட்டது, பதினோரு நாள் மூஞ்சியைக் காட்டாமல் கிடந்துவிட்டு, சரியாகச் சனிக்கிழமை மூன்றரை மணிக்கு, சாமியார் ஜனங்களின் பாவங்களைக் கேட்கப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் போய் உட்கார்ந்து திரையை இழுத்துவிட்ட பிறகு, வேண்டுமென்றே செய்த மாதிரி சூரியன் வந்துவிட்டது, திரைக்குக் கீழே இருக்கும் நாலு விரற்கடை இடைவெளியில் கோயில் தரையில் வெயில் விழுந்திருப்பது தெரிகிறது, நல்ல வெயில், கத்தரித்து ஒட்டின மாதிரி விளிம்புள்ள வெயில், இந்த வெயிலில் மாடியில் தொலைநோக்கியை வைத்தால் சூரியன் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி அசையாமல் நிற்கும், புள்ளிகளை ஒன்று இரண்டு என்று எண்ணிவிடலாம், எண்ணலாம், எண்ணுவதற்கு ஆள் அல்லவா வேண்டும், ஆள் இங்கே மரப்பெட்டிக்குள் இடது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு தையல்கார அம்மாவின் கோபத்தை எண்ணிக்கொண்டிருக்கிறான், நூறு தடவை கோபம் வந்ததாம். “நூறு தடவை சாமி, கூடவே இருக்கும். நாத்தனாரை வார்த்தையாலயே கொன்னுட்டேன், கொலைதான் சாமி அது, நீங்க கொலைன்னே வச்சுக்குங்க.” வைத்துக்கொள்ளலாம் அம்மா, எதையும் வைத்துக்கொள்ளலாம், நாலரை மணிக்குச் சூரியன் அந்த ஆறுமாடிக் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடுமே, அதை யார் பிடித்து வைத்துக்கொள்வது... நூறு என்றால் இருபத்தைந்து. இந்த அம்மாவுக்குக் கால். அவர் மனத்துக்குள் காலால் பெருக்கிக்கொண்டார், கொலை என்றால் ஒரு வாய்ச்சண்டை, அழுதேன் என்றால் மூக்கை உறிஞ்சினாள், மூன்று அருள்நிறை ஜெபம் சொல்லும்மா, போ, நாத்தனாரிடம் ஒரு வார்த்தை நல்லபடியாகப் பேசு, ஒன்றே ஒன்று, நூறு வேண்டாம்.

அது அவர் கண்டுபிடித்த முறை அல்ல, சூரிய அலுவலகத்தின் முறை. முப்பத்தோரு வருஷமாக மேகமில்லாத நாள் ஒன்று விடாமல் சூரியனின் கரும்புள்ளிகளை எண்ணி மாதக் கடைசியில் தூரத்து நகரத்தில் இருக்கும் அந்த அலுவலகத்துக்கு அனுப்புகிறார், அவரைப் போல உலகம் முழுக்க எண்பது தொண்ணூறு பேர் அனுப்புகிறார்கள், பல் வைத்தியர், ரயில் ஓட்டுநர், கன்னிமடத்துச் சிஸ்டர் ஒருத்தி, ஒரு கைதிகூட உண்டு என்று கேள்வி, அவனுக்குத்தான் வெயில் பார்க்க நேரம் ஒழுங்காகக் கிடைக்கிறது. ஒருவன் கருவி பெரிது, அதிகமாகப் பார்ப்பான், ஒருவன் கருவி சின்னது, குறைவாகப் பார்ப்பான், ஒருவனுக்கு இயற்கையிலேயே கண் கொஞ்சம் தாராளம், ஆகவே அலுவலகம் ஒவ்வொருவருக்கும் ஒரு பெருக்கெண் வைத்திருக்கிறது, அதிகம் சொல்கிறவனை முக்காலால் பெருக்கிக் குறைக்கும், குறைத்துச் சொல்கிறவனை ஒன்றரையால் பெருக்கித் தூக்கிவிடும், எல்லோரும் ஒரு மட்டத்துக்கு வந்துவிடுவார்கள், கோபப்பட ஒன்றுமில்லை, யார் மேலும் குற்றமில்லை, மனிதன் என்றால் ஒரு பெருக்கெண் இருக்கும். இவருடைய பெருக்கெண் ஒன்று. வெறும் ஒன்று. அதாவது இந்த மனிதர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள். முப்பது வருஷம் ஒன்று. ஆயருக்குக்கூட அப்படி ஒரு எண் எவனும் கொடுத்திருக்கமாட்டான், ஆயரின் பிரசங்கத்தை எதனால் பெருக்கலாம் என்று அவர் ஒரு தரம் யோசித்துப் பார்த்து, பாவம் என்று விட்டுவிட்டார்.

அந்த ஒன்றுதான் போய்விட்டது. அங்கியின் வலது பையில் கடிதம் இருக்கிறது, நாலாக மடித்தது, மடித்து மடித்து மடிப்பே கிழியப்போகிறது. மதிப்புக்குரிய அருட்தந்தை அவர்களுக்கு, கடந்த பதினான்கு மாதங்களாக உங்கள் எண்ணிக்கை மற்றவர்களுடையதைவிடத் தொடர்ந்து குறைந்துவருகிறது, உங்கள் பெருக்கெண் தற்போது ஒன்றே முக்கால்... ஒன்றே முக்கால்! துணிக்கடையில் கிழித்துக் கொடுக்கிற அளவு. கருவியையும் கண்ணையும் சோதித்து இரண்டும் சரி என்று எழுத்தில் உறுதி தந்தால் தொடரலாம், இல்லையென்றால் எந்தத் தேதியிலிருந்து உங்கள் கணக்கை நீக்குவது என்று நீங்களே தெரிவிக்கவும். நீங்களே தெரிவிக்கவுமாம். எவனோ நேற்று முளைத்த பையன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து எழுதியிருக்கிறான், அவன் பிறக்கும்போது இவர் எட்டாயிரம் புள்ளி எண்ணி முடித்தவர். குறைகிறதாம், ஏன் குறைகிறது என்று யோசித்தானா, மற்றவர்கள் எல்லாம் புதுப்புதுக் கருவி வாங்கித் தூசியையும் புள்ளி என்று எண்ணுகிறார்கள், இல்லாததைப் பார்க்கிறார்கள், இருப்பதை மட்டும் பார்க்கிற ஒரே மனிதர் இவர், கூட்டம் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் நேராக நிற்கிறவன்தான் கோணலாகத் தெரிவான்... இதை எழுதலாமா என்று பார்த்தார், நீளமாக இருந்தது. ஒரே வரி எழுதினார், கருவியும் சரி, கண்ணும் சரி. அதுவும் பையில் இருக்கிறது, இடது பையில், உறைக்குள், ஐந்து மணிக்குத் தபால் ஆபீஸ் மூடுவதற்குள் போட்டால் இன்றைய முத்திரை விழும், கெடு இன்றைய தேதியோடு முடிகிறது. கருவியைத்தான் அவர் மூன்று தரம் கழற்றிப் பூட்டிவிட்டாரே. கண்ணை எதற்குக் கழற்றுவது? தங்கச்சி சொன்னாள், மாடியறையைப் பெருக்க வந்தவள் கடிதத்தைப் படித்துவிட்டாள், அவளுக்கு எழுத்து என்று எது கிடைத்தாலும் படித்தாக வேண்டும், மருந்துச் சீட்டைக்கூட விடமாட்டாள், “அண்ணே, ஒரு நடை கண் டாக்டரைப் பாத்துட்டு வந்துடேன்.” “முப்பத்தோரு வருஷம் சூரியனையே பாத்த கண்ணு இது.” “அதனாலதாண்ணே சொல்றேன்.” கறுப்புக் கண்ணாடி போட்டுத்தான் பார்க்கிறேன் என்று அவளுக்கு எத்தனை முறை சொல்வது, தொலைநோக்கியின் முன்வாயில் பானை மூடி மாதிரி கறுப்புக் கண்ணாடி மாட்டி, இடது கண்ணை மூடி, வலது கண்ணால், வருஷக்கணக்காக, இந்த வலது கண் மட்டும் தனியாக மோட்சத்துக்குப் போகிற அளவுக்கு உழைத்திருக்கிறது...

யாரோ முழங்கால் போட்டார்கள். கனைப்பு. சரி, பதிவாளர் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், கனைப்பிலேயே தெரியும், முத்திரை குத்துகிற மாதிரி கனைப்பார். “விசேஷமா ஒண்ணுமில்ல சாமி. சின்னச் சின்ன மனத்தாங்கல்.” இவருக்கு நாலு. சின்ன மனத்தாங்கல் என்றால் கூடப்பிறந்த தம்பியோடு பத்தொன்பது வருஷமாகப் பேச்சில்லை, ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு இரண்டு வீட்டிலும் இருமுகிறார்கள், பேச்சில்லை. ஜனங்களைப் பற்றி அவருக்குப் பெரிய புகார் ஒன்றும் கிடையாது, ஒன்றே ஒன்றுதான், யாருக்கும் எண்ணத் தெரியவில்லை. ஒருத்தி ஊதிச் சொல்கிறாள், ஒருவர் அமுக்கிச் சொல்கிறார், கூட்டிக் கழித்து மட்டப்படுத்துகிற வேலை தொட்டிக்குள் இருக்கிறவன் தலையில், அதுவும் வெயில் அடிக்கும்போது. ஊரில் அவருக்குப் புள்ளிச்சாமி என்று பெயர், முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், முதுகுக்கு நேரே சொல்வார்கள். வானம் வெளுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை நாலு நிமிஷத்தில் முடித்துவிட்டு மாடிக்கு ஓடினார், அதற்கடுத்த ஞாயிறு கோயிலில் உட்கார இடமில்லை, பக்கத்துப் பங்கில் இருந்தெல்லாம் வந்திருந்தார்கள், அந்தப் பங்குச்சாமியார் இன்றுவரை இவரோடு சரியாகப் பேசுவதில்லை.

தரையில் வெயில் ஒரு ஓடு தள்ளிப் போய்விட்டது. நாலு மணி. முன்னால் இருக்கும் தட்டியைப் பார்த்தார், எரிச்சல் இன்னும் ஏறியது, இந்தத் தட்டியைப் பார்த்தாலே அவருக்கு ஏறும். பாவம் சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே உள்ள மரத்தட்டி, மெல்லிய பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துச் சின்னச் சின்னச் சதுரமாக அடித்தது, ஓரமெல்லாம் ஒழுங்காக இருக்கிறது, நடுவே வந்ததும் வளைகிறது, குழந்தை அழுத்திப் பிடித்த மாதிரி நாலைந்து பட்டை உள்ளே இழுத்துக்கொள்கிறது, ஒரு சதுரம் இருக்கிற இடமே தெரியவில்லை, அடைத்துவிட்டானோ என்னவோ. செய்தவன் ஆசாரி, ரசமட்டம் என்று கூப்பிடுவார்கள், எங்கே போனாலும் பையில் இருந்து ரசமட்டத்தை எடுத்து வைத்து அந்தக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பான், சொந்தக் கல்யாணத்தில் மேடையில் வைத்துப் பார்த்து, அரை அங்குலம் சாய்வு என்று ஆப்பு அடித்த பிறகுதான் ஏறி நின்றான் என்று சொல்கிறார்கள், அப்பேர்ப்பட்ட ஆள் செய்த தட்டி கோணல். மூன்று வருஷத்துக்கு முன்பு மாட்டின அன்றே சொன்னார். ரசமட்டம் வெளியே நின்று பார்த்து நேராத்தான் சாமி இருக்கு என்றான், நான் உட்கார்கிற இடத்தில் உட்கார்ந்து, நான் பார்க்கிற மாதிரி பார்த்தால் தெரியும் என்றார், அவன் கழற்றிக்கொண்டு போனான், நாலு நாள் கழித்துக் கொண்டுவந்தான், பரவாயில்லை என்று சொல்லிவைத்தார், எத்தனை நாள்தான் ஒரு ஆசாரியோடு மல்லுக்கட்டுவது, ஆனால் பரவாயில்லை இல்லை, இன்னும் கோணல்தான், நாளுக்கு நாள் அதிகமாகிறது, மரம் காயவில்லை...

“சாமி.” பட்டறை வாசனை, மரத்தூளும் பசையும். நினைத்த உடனே வந்து நிற்கிறானே, ஆயுசு நூறு. “சாமி, நான் பாவசங்கீர்த்தனம் பண்ணி மூணு வருஷமாச்சு. பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கு, மூட்டையோட போய் நிக்கக் கூடாதுல்ல.”

“சொல்லுப்பா. சுருக்கமாச் சொல்லு.”

“சுருக்கமாச் சொல்ற மாதிரி இல்ல சாமி.”

வெயில் இன்னொரு ஓடு நகர்ந்தது. இல்லாமல் எப்படி இருக்கும், இன்றைக்கு எவனுக்குச் சுருக்கமாக இருந்தது. ஆசாரி ஆரம்பித்தான், ஒரு ஆள் வேஷம் போட்டால் பாவமா சாமி என்றான், என்ன வேஷம் என்றார், சாமியார் வேஷம் என்றான், வேஷம்னு சொல்ல முடியாது, உடுப்பெல்லாம் மாத்தலை, எடத்துல மட்டும் உக்காந்தேன், எந்த எடத்துல, நீங்க இப்ப உக்காந்திருக்கீங்களே அந்த எடத்துல. சாமியார் கன்னத்தில் இருந்து கையை எடுக்காமலே நிமிர்ந்தார். புதன்கிழமை மத்தியானம் கோயில் காலி, கோயிலைத் திறந்து பூட்டுகிற கோயில்பிள்ளை சாவியைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தார், ரசமட்டம் தட்டியை மாட்டிவிட்டு, சாமி சொன்ன கோணல் உள்ளே இருந்து பார்த்தால் தெரிகிறதா என்று பார்க்க உள்ளே போய் உட்கார்ந்தான், அப்போது வெளியே யாரோ முழங்கால் போட்டார்கள். “ரொட்டிக்கடைக்கார அம்மா சாமி. அதுக்கு ஒரு காது கேக்காது. நான் ‘அம்மா நான் சாமியார் இல்ல’ன்னு சொன்னேன், அது ‘ஆமா சாமி, நான் பாவிதான்’னு ஆரம்பிச்சுடுச்சு.”

“நீ எந்திரிச்சு வந்திருக்கணும்!”

“எப்படி சாமி வர்றது? அது அழுவுது.”

“அப்புறம்?”

“அப்புறம் நானும் அதையேதான் கேட்டேன், அப்புறம்னு. அது சொல்லிச்சு. அரை மணி நேரம் ஆச்சு. கடைசியில மூணு அருள்நிறை சொல்லச் சொன்னேன். நீங்க எல்லாருக்கும் அதானே குடுக்கறீங்க.”

இது எந்தச் சட்டத்தில் வருகிறது, ஆயருக்கு எழுதவேண்டுமா, எழுத முடியாது, தொட்டிக்குள் கேட்டது தொட்டிக்குள்ளேயே செத்தாகவேண்டும், ரோமாபுரிவரை போகிற விவகாரத்தை ஒரு ஆசாரி மரத்தூளோடு கொண்டுவந்து மடியில் கொட்டுகிறான், அதுவும் நாலு பத்துக்கு. “இவ்வளவும் எதுக்குடா, எதுக்கு உள்ள போய் உக்காந்தே?” என்று கேட்டார், குரல் தொட்டிக்கு வெளியே போயிருக்கும். “அதான் சாமி ரெண்டாவது பாவம். பொய்.” என்ன பொய்? “தட்டியைச் சரிபண்ணிட்டேன்னு சொன்னது பொய். கைவைக்கவே இல்ல. பட்டறையில நாலு நாள் சும்மா சாத்தி வச்சிருந்தேன், அப்படியே கொண்டாந்து மாட்டினேன். ஏன்னா அது நேராத்தான் சாமி இருந்துச்சு. அளவுகோல் வச்சுப் பாத்தேன், மூலமட்டம் வச்சுப் பாத்தேன், நூல் கட்டிப் பாத்தேன். உங்க எடத்துல உக்காந்து, உங்களை மாதிரியே கன்னத்துல கையெல்லாம் வச்சுப் பாத்தேன். ஒரு கண்ணு மறைஞ்சுதான் போச்சு, இன்னொரு கண்ணால பாத்தேன், அப்பவும் நேராத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க இப்பப் பரவால்ல, கெட்டிக்காரன்னு சொன்னீங்களா, அந்தக் கெட்டிக்காரன் மூணு வருஷமா உறுத்துது.”

ஒரு கண் மறைந்துதான் போச்சு. அவருடைய இடது உள்ளங்கை இடது கண்ணின் மேல் இருந்தது, கன்னத்தில் வைத்திருக்கிறோம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறார், கை மேலே ஏறிக் கண்ணை மூடிக்கொண்டிருப்பது அவருக்கே இப்போதுதான் தெரிகிறது, தொலைநோக்கியின் பழக்கம், எதையாவது கவனமாகப் பார்க்கவேண்டும் என்றால் இடது கண் தன்னால் ஒதுங்கிக்கொள்ளும்... கையை எடுத்தார். தட்டி கொஞ்சம் மாறியது, மாறினதா? வலது கண்ணை மூடினார். பட்டைகள் நேராக நின்றன, குறுக்கே இருபது, நெடுக்கே பதினாலு, வகுப்பில் புது மாணவர்கள் மாதிரி வரிசையாக, நடுச்சதுரம் இருந்தது, அதன் வழியே ரசமட்டத்தின் சட்டைப் பொத்தான் ஒன்று தெரிந்தது. இடதை மூடினார். வளைந்தது, சதுரம் போயிற்று, பொத்தானையும் கொண்டுபோயிற்று. திறந்தார், மூடினார், திறந்தார், பொத்தான் வந்தது, போனது, வந்தது. “சாமி, என்ன சாமி, கோவமா?” இல்லையப்பா. கோபம்தான், ஆனால் யார் மேல் படுவது, மரத்தின் மேல் பட்டாயிற்று, ஆசாரியின் மேல், அந்தக் கணினிப் பையன் மேல், பல் வைத்தியர் மேல், கைதி மேல், ஊரில் ஆள் தீர்ந்துவிட்டது. “நேராத்தான் இருக்குப்பா” என்றார். “எது சாமி?” “தட்டி. நல்லாச் செஞ்சிருக்கே.” ஆசாரி சந்தேகத்தோடு கேட்டான், “இது அபராதமா சாமி, மன்னிப்பா?” மூன்று அருள்நிறை என்று வாய்வரை வந்தது, விழுங்கினார், ஒன்று போதும் என்றார், பாவப்பொறுத்தல் கொடுத்தார், ஆசாரி முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து போவது கேட்டது, போகிறவனைக் கூப்பிட்டு வெளியில் வைத்து ஒரு மன்னிப்புக் கேட்கக்கூட முடியாது, இங்கே கேட்டதை அங்கே காட்டிக்கொள்ளக் கூடாது, நாளைக்குப் பூசையில் பார்த்தால் என்ன ரசமட்டம், கல்யாண வேலை எப்படி என்று கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

நாலு இருபது. இப்போது ஓடினால் பத்து நிமிஷம் கிடைக்கும், வலது கண்ணால் ஒரு தரம், இடது கண்ணால் ஒரு தரம், இரண்டு எண்ணிக்கை, கழித்தால் வருவது... அப்படியென்றால் தூசியை எண்ணினவர்கள் எண்ணினது தூசி இல்லை. இல்லாததை அவர்கள் பார்க்கவில்லை, இருந்ததை இவர்... சரி, பதினான்கு மாதம், பெரிய விஷயமில்லை, பதினான்கு மாதத்தை நீக்கச் சொல்லி எழுதிவிடலாம், முப்பதில் ஒன்று போனால் என்ன, இனி இடது கண்ணால்... ஆனால் தட்டி மாட்டி மூன்று வருஷம். மாட்டின அன்றே கோணல் என்றார். பதினான்கு மாதம் இல்லை, மூன்று வருஷம், பின்னே அலுவலகம் ஏன் கண்டுபிடிக்கவில்லை, ஏன் என்றால்... அந்த இரண்டு வருஷமும் சூரியன் துடைத்துவைத்த மாதிரி கிடந்தது, பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை அது அப்படிக் கிடக்கும், உலகத்தில் எல்லோரும் பூஜ்யம், இவரும் பூஜ்யம், பூஜ்யத்தை எதனால் பெருக்கினால் என்ன, குருடனும் கழுகும் ஒரே மதிப்பெண் வாங்குகிற காலம் அது, எவ்வளவு அழகாகப் பூஜ்யம் போட்டார், ஒவ்வொன்றையும் உருட்டி உருட்டி. இருக்கட்டும், மூன்று வருஷம். மூன்று என்று எழுதலாம். ஆனால் புதுத் தட்டி எதற்குச் செய்யச் சொன்னார்?

பழைய தட்டி கோணல் என்றுதான். அறுபது வருஷம் இருந்த தட்டி, ஒரு மழைக்காலத்தில் ஈரத்தில் வளைந்துவிட்டது என்று கோயில்பிள்ளையிடம் அவரே சொன்னார், எந்த மழை, போன தேர்தலுக்கு முன்னாலா, பின்னாலா, கூரையில் ஒழுகின வருஷமா, கோயில்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு “எனக்கு நல்லாத்தான் தெரியுது சாமி” என்றார், இவர் அந்தாளுக்கும் மனத்துக்குள் ஒரு பெருக்கெண் போட்டுவைத்தார், அரை. அந்தத் தட்டி இப்போது பின்பக்கத் தோட்டத்தில் கொடி படர நட்டுவைத்திருக்கிறது, தினமும் அதைத் தாண்டித்தான் மாடிக்குப் போகிறார், ஒரு நாளாவது நின்று பார்த்ததில்லை, போய் இடது கண்ணால் பார்க்கவேண்டும், பார்க்காமலே தெரிகிறது, நேராகத்தான் நிற்கும். அப்படியானால் ஐந்து வருஷம். ஆறா? அப்போதே சூரியன் அடங்கத் தொடங்கியிருந்தது, நாளுக்கு ஒன்றிரண்டு புள்ளி, அதில் ஒன்று குறைந்தால் எவன் கேட்பான். இது யாருக்கும் தெரியாது, அலுவலகத்துக்குப் பதினான்கு மாதம் தெரியும், ரசமட்டத்துக்கு மூன்று வருஷம் தெரியும், அதுவும் என்னவென்று தெரியாமல் தெரியும், மீதி அவர் ஒருவருக்குத்தான், எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை...

“சாமி, இருக்கீங்களா?” ரொட்டிக்கடைக்கார அம்மா. கேட்கிற காதைத் தட்டியில் ஒட்டிவைத்திருக்கிறாள். “இருக்கேம்மா.” “தூங்கிட்டீங்களோன்னு பாத்தேன். கோச்சுக்காதீங்க சாமி, ஒரு தடவை, மூணு வருஷம் இருக்கும், ஒரு புதன்கிழமை, அன்னிக்கு எவ்வளவு பொறுமையாக் கேட்டீங்க. அப்புறம் அப்புறம்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. அதுக்குப் பின்னால நீங்க அப்படிக் கேட்டதே இல்ல சாமி.” அவருக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை, அந்த ஆசாரிப் பயல். தரையில் வெயில் திரைவிளிம்புக்கு வந்துவிட்டது, இன்னும் ஐந்து நிமிஷம். போகட்டும் என்று நினைக்கவில்லை, போகிறது என்று மட்டும் நினைத்தார்.

“சொல்லும்மா. சின்னதா இருந்தாலும் விடாமச் சொல்லு.”

“சின்னதுதான் சாமி. முந்தின நாள் ரொட்டி. ரெண்டு மூணு மிஞ்சும், அதை அன்னிக்குச் சுட்டதோட கலந்து வச்சுடறேன். மொதல்ல ஒரு நாள் தெரியாமத்தான் கலந்துச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல. அப்புறம் எது பழசு, எது புதுசுன்னு எனக்கே தெரியாமப் போச்சு.”

“அப்புறம்?” என்றார். பிறகு இருபத்தெட்டு வருஷமாகத் தொட்டிக்குள் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி, பழக்கத்தில், அவர் கூப்பிடாமலே வந்து விழுந்தது. “எப்போதிருந்தும்மா?”

அந்த அம்மா பெருமூச்சு விட்டாள், மூச்சு தட்டியின் நடுச்சதுரம் வழியே வந்து அவர் முகத்தில் பட்டது.

“அதுதான் சாமி தெரியல. தெரிஞ்சா நானே நிறுத்தியிருக்க மாட்டேனா?”

தரையில் வெயில் இல்லை. இடது பையில் கையை விட்டார், உறை இருந்தது, ஒட்டாமல்.